இரண்டு மொழிகளோடு வளரும் பிள்ளை: ஸ்பானிஷும் ஆங்கிலமும்

"மாஸ் மில்க், போர் ஃபாவோர்."

இரண்டரை வயதுக் குழந்தை ஒன்று காலித் தம்ளரை நீட்டி இப்படிக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஊர், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள சான் அன்டோனியோ. 'மாஸ்' என்றால் ஸ்பானிஷில் 'இன்னும்'. 'போர் ஃபாவோர்' என்றால் 'தயவுசெய்து'. நடுவில் உட்கார்ந்திருக்கும் 'மில்க்' மட்டும் ஆங்கிலம். பாட்டி, "மாஸ் லெச்சே?" என்று கேட்டபடியே பாலை ஊற்றுகிறார். வீட்டுக்கு வந்திருக்கும் விருந்தாளி கவலையோடு கேட்கிறார்: "இப்படி இரண்டையும் போட்டுக் குழப்பினால் பிள்ளைக்கு எதுவும் உருப்படியாக வராதே?"

வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கும் தமிழர்கள் இந்தக் கேள்வியைப் பல தடவை கேட்டிருப்பார்கள். ஆனால் இதற்குப் பதில் தேட வாகான இடம் ஸ்பானிஷும் ஆங்கிலமும் சேர்ந்து வளரும் வீடுகள்தான். அமெரிக்காவில் வீட்டில் ஸ்பானிஷ் பேசுவோர் 4 கோடிக்கும் மேல். இந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடங்கள் தண்டித்திருக்கின்றன, ஆராய்ச்சியாளர்கள் பல்லாண்டுகளாகச் சோதித்திருக்கிறார்கள், நீதிமன்றங்கள் விசாரித்திருக்கின்றன, வாக்குச்சீட்டில்கூட இவர்களுடைய மொழி ஏறி இறங்கியிருக்கிறது. இரண்டு மொழிகளோடு வளர்வதால் என்ன கிடைக்கிறது, எது வெறும் பேச்சு என்பது இவர்களால்தான் நமக்கு ஓரளவு தெளிவாகியிருக்கிறது.

ஸ்பானிஷ் அமெரிக்காவுக்கு நேற்று வந்து இறங்கிய மொழி என்று பலரும் நினைக்கிறார்கள். புளோரிடாவில் செயின்ட் அகஸ்டீன் என்ற ஊரை ஸ்பானியர்கள் நிறுவியது 1565இல். ஆங்கிலேயர்களின் ஜேம்ஸ்டவுன் குடியிருப்பு அதற்கு நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1607இல் வந்தது. மெக்சிகோவோடு நடந்த போர் முடிந்து 1848இல் குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கை கையெழுத்தானபோது, கலிபோர்னியா உட்பட மெக்சிகோவின் பெரும் நிலப்பரப்பு அமெரிக்காவுக்குப் போனது. அங்கே குடியிருந்தவர்கள் எங்கும் போகவில்லை. "நாங்கள் எல்லையைத் தாண்டவில்லை, எல்லைதான் எங்களைத் தாண்டிப் போனது" என்று அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் சொல்வார்கள். 1898இல் ஸ்பானிஷ் பேசும் கரீபியன் தீவான புவேர்ட்டோ ரீக்கோவும் அமெரிக்காவோடு சேர்ந்தது. 1959 கியூபப் புரட்சிக்குப் பிறகு மயாமிக்குக் கியூபக் குடும்பங்கள் திரண்டு வந்தன. ஆக, அந்த பால் கேட்கும் குழந்தையின் மொழிக்கு அந்த மண்ணில் பல தலைமுறை உரிமை இருக்கிறது.

குழந்தை குழம்புகிறதா?

இல்லை. இதைத் தயக்கமில்லாமல் சொல்லலாம்.

பிறந்த சில நாட்களிலேயே குழந்தை மொழிகளை அவற்றின் தாளத்தை வைத்துப் பிரித்தறிகிறது. ஸ்பானிஷில் அசைகள் ஏறக்குறைய ஒரே அளவில் விழும். சாக்லேட்டுக்கு அவர்கள் சொல்லும் சொல்லைப் பாருங்கள்: சொ-கொ-லா-தே. நான்கு அசைகள், ஒவ்வொன்றும் முழுதாக. ஆங்கிலமோ ஓரசையை அழுத்திவிட்டு மற்றவற்றை விழுங்கும். அதே சொல் அங்கே 'சாக்-லெட்' என்று சுருங்கிவிடுகிறது. பெரியவர்கள் கவனிக்காமல் விடும் இந்த வேறுபாடுதான் பச்சிளம் காதுக்கு முதல் அடையாளம். கர்ப்ப காலம் முழுவதும் ஆங்கிலமும் பிலிப்பைன்சின் தகாலோகும் பேசிய தாய்மார்களின் சிசுக்களைக் கனடாவில் சோதித்து 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், அந்தச் சிசுக்கள் இரண்டு மொழிகளையும் விருப்பத்தோடு கேட்டன. இரண்டும் வேறு என்றும் கண்டுகொண்டன.

அப்படியானால் 'மாஸ் மில்க்' எதற்கு? பெரும்பாலும் அந்த நேரத்தில் கைக்கு முதலில் அகப்பட்ட சொல் அது, அவ்வளவுதான். பகலில் காப்பகத்தில் பத்து முறை 'மில்க்' என்று கேட்ட பிள்ளை மாலையில் அதையே எடுத்து நீட்டுகிறது. இன்னும் கொஞ்சம் வளர்ந்தால், யாரோடு பேசுகிறோம் என்று பார்த்து மொழியை மாற்றிக்கொள்ளும். பாட்டி பக்கம் திரும்பினால் ஸ்பானிஷ், காப்பக ஆசிரியை பக்கம் திரும்பினால் ஆங்கிலம். இரண்டு மொழியும் ஒரே குவியலாகக் கிடந்தால் இது நடக்காது.

வளர்ந்தவர்களும் கலந்து பேசுகிறார்கள். அதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. மொழியியலாளர் ஷானா போப்லாக், நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெம் பகுதியில் வாழும் புவேர்ட்டோ ரீக்கோ மக்களின் பேச்சைப் பதிவுசெய்து, 1980இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். ஒரே வாக்கியத்துக்குள் மொழி விட்டு மொழி தாவுகிறவர்கள் எந்த மொழியும் சரியாகத் தெரியாதவர்கள் என்றுதான் அதுவரை பலர் எண்ணியிருந்தார்கள். அவர் கண்டது நேர்மாறு: இரண்டையும் நன்றாக அறிந்தவர்களே வாக்கியத்தின் உள்ளே அநாயாசமாகத் தாவினார்கள். தாவும் இடமும் கண்டபடி அமையவில்லை. இரண்டு மொழிகளின் சொல்வரிசையும் ஒத்துப்போகும் இடமாகப் பார்த்தே தாவினார்கள். ஆங்கிலத்தில் 'ஒயிட் ஹவுஸ்', நம்மைப் போலவே அடைமொழி முன்னால். ஸ்பானிஷில் 'காசா பிளாங்கா', அதாவது 'வீடு வெள்ளை'. இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில் மொழி மாற்றினால் ஏதாவது ஒரு மொழியின் வரிசை உடையும். எனவே அந்த இடத்தைப் பெரும்பாலும் தவிர்த்துவிடுகிறார்கள். யாரும் அவர்களுக்கு இந்த விதியைச் சொல்லித் தரவில்லை. இரண்டு இலக்கணத்தையும் ஒரே நேரத்தில் கண்காணிக்கும் திறமை அது.

சொற்களை எப்படி எண்ணுவது?

இங்கேதான் பெற்றோர் ஏமாந்துபோகிறார்கள். மருத்துவரும் ஆசிரியரும்கூட ஏமாந்துபோகிறார்கள்.

ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன். ஆங்கிலம் மட்டும் பேசும் குழந்தைக்கு நூறு சொற்கள் தெரியும். நம் சான் அன்டோனியோ குழந்தைக்கு ஆங்கிலத்தில் அறுபது, ஸ்பானிஷில் அறுபது. ஆங்கிலத்தை மட்டும் எண்ணினால் நாற்பது சொல் பின்தங்கிவிட்டது. இரண்டையும் கூட்டினால் இருபது சொல் முன்னே நிற்கிறது. பிள்ளை அதேதான், அளவுகோல்தான் வேறு. மயாமியிலும் தெற்கு புளோரிடாவிலும் பல்லாண்டுகளாக நடந்த ஆய்வுகள் இதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டின. இருமொழிக் குழந்தைகளின் ஒரு மொழிச் சொல்வளம் சராசரியில் சற்றுக் குறைவாக இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் குறை தெரியாது.

இன்னொன்றும் உண்டு. சொற்கள் இரண்டு மொழிகளிலும் ஒரே மாதிரி பரவியிருப்பதில்லை. கரண்டி, தோசைக்கல் போன்ற சமையலறைச் சாமான்கள், தலைவலி, பாட்டியின் செல்லப் பெயர்கள் எல்லாம் ஸ்பானிஷில் இருக்கும். முக்கோணம், கத்தரிக்கோல், வரிசையில் நில் என்பதெல்லாம் ஆங்கிலத்தில். எந்தச் சொல்லை எங்கே கற்றதோ அங்கேயே அது தங்கியிருக்கும். ஒரு மொழியில் மட்டும் கேள்வி கேட்டால் பாதி வீட்டைப் பூட்டி வைத்துவிட்டு மீதியை அளப்பது போலாகும்.

இது ஏட்டுக் கணக்கோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கலிபோர்னியாவில் ஒன்பது மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் நடத்திய அறிவுத்திறன் தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்றதால், மனவளர்ச்சி குன்றியோருக்கான வகுப்பில் போடப்பட்டார்கள். அவர்கள் வீட்டு மொழி ஸ்பானிஷ். இருமொழி தெரிந்த ஒருவரை வைத்து மறுபடி சோதித்தபோது அவர்களில் பெரும்பாலோர் அந்த வகுப்பில் இருக்க வேண்டியவர்களே அல்ல என்று தெரிந்தது. வழக்கு 1970இல் சமரசத்தில் முடிந்தது; அதன்பின் பிள்ளையின் வீட்டு மொழியிலும் சோதிக்க வேண்டும் என்றாயிற்று. அதற்கு முன்னால் இப்படி அடைபட்டு வெளியே வராமலே போன பிள்ளைகளை நினைத்தால் மனம் கனக்கிறது.

அதனால் பிள்ளை பேசத் தாமதமானால் முதலில் வீட்டு மொழியை நிறுத்துங்கள் என்று யாராவது சொன்னால், அதைக் கேட்க வேண்டியதில்லை. இரண்டு மொழி கேட்பதால் பேச்சுக் கோளாறு வருவதில்லை. உண்மையிலேயே கோளாறு இருந்தால் அது இரண்டு மொழியிலும் தெரியும். அதற்கான பயிற்சியையும் இரண்டு மொழியிலும் தரலாம்.

பாட்டியின் சொல் பாடப்புத்தகத்தில்

இனி, எல்லா இருமொழிச் சேர்க்கைக்கும் கிடைக்காத, ஸ்பானிஷ்-ஆங்கிலச் சேர்க்கைக்குக் கிடைக்கும் ஒரு பலனைச் சொல்ல வேண்டும். எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்தது இதுதான்.

ஆங்கிலம் இரண்டு அடுக்கு மொழி. அன்றாடப் பேச்சில் வரும் சிறு சொற்கள் பெரும்பாலும் ஜெர்மானிய வேரில் வந்தவை: மூன், சன், ஹேண்ட், ஸ்லீப். பள்ளி, நீதிமன்றம், மருத்துவமனை என்று மேலே போகப் போக வரும் கனமான சொற்கள் லத்தீனிலிருந்து, பலவும் பிரெஞ்சு வழியாக, வந்தவை: லூனார், சோலார், மேனுவல், டார்மிட்டரி. ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு 'மூன்' என்பதற்கும் 'லூனார்' என்பதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பாடப்புத்தகத்தில் அதைப் புதிதாகத்தான் கற்க வேண்டும்.

ஸ்பானிஷோ லத்தீனின் நேர் மகள். அதில் நிலா 'லூனா'. சூரியன் 'சோல்'. கை 'மானோ'. தூங்குவது 'தோர்மிர்'. ஆங்கிலத்தில் படித்தவர்கள் பேசும் சொல், ஸ்பானிஷில் அடுப்படியில் புழங்கும் சொல்! 'என்ஃபெர்மோ' என்றால் நோயாளி என்று மூன்று வயதுப் பிள்ளைக்குத் தெரியும். ஆங்கிலத்தில் 'இன்ஃபர்ம்' என்ற சொல்லைப் பின்னாளில் பார்த்ததும் அதன் முகம் பரிச்சயமாக இருக்கும். கட்டடம் 'எடிஃபிசியோ', ஆங்கிலத்தில் மாளிகை போன்ற கட்டடத்துக்கு 'எடிஃபிஸ்'. 'நாசியோன்' 'நேஷன்' ஆகும், 'எதுகாசியோன்' 'எஜுகேஷன்' ஆகும் என்று ஒரே ஒரு சாவியைக் கொடுத்துவிட்டால் நூற்றுக்கணக்கான சொற்கள் திறந்துகொள்ளும். இப்படி ஒரே வேரில் பிறந்த இனச்சொற்கள் இந்த இரண்டு மொழிகளுக்கும் இடையே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. வயலில் தக்காளி பறிக்கும் தாயின் மகள், தன் தாய் பேசிய சொற்களை வைத்தே அறிவியல் பாடத்தின் கடினச் சொற்களைப் பிடித்துவிட முடியும். ஆனால் ஆசிரியர் ஒருவர் அந்த உறவைச் சுட்டிக்காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பல பிள்ளைகள் அதைக் கவனிப்பதே இல்லை.

தமிழ்ப் பிள்ளைக்கு இந்தப் பலன் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'நிலா' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு 'லூனார்' வரை போக முடியாது. இருமொழிப் பலன் என்று பொதுவாகப் பேசும்போது எந்த இரண்டு மொழி என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

சில சொற்கள் உறவு போல் வேடமிட்டு வந்து காலை வாரும். 'சோப்பா' என்றால் சோப்பு இல்லை, சூப். 'எக்சிட்டோ' வெளியேறும் வழி இல்லை, வெற்றி. 'லிப்ரேரியா' நூலகம் இல்லை, புத்தகக்கடை. வெட்கமாக இருக்கிறது என்று சொல்ல நினைத்து 'எம்பராசாதா' என்று சொல்லிவிட்டால், கர்ப்பமாக இருக்கிறேன் என்று பொருள். இரண்டு மொழியிலும் பிறந்து வளர்ந்த பிள்ளை இதில் அநேகமாக விழுவதில்லை. பின்னாளில் கற்பவர்கள்தான் விழுகிறார்கள்.

படிக்கக் கற்பதிலும் ஸ்பானிஷ் கைகொடுக்கிறது. அதில் உயிரொலிகள் ஐந்தே. எழுதியதைப் பெரும்பாலும் அப்படியே வாசிக்கலாம். எழுத்தும் ஒலியும் எப்படிப் பொருந்துகின்றன என்ற சூட்சுமத்தை ஒரு மொழியில் பிடித்துக்கொண்ட பிள்ளை அடுத்த மொழியில் அதை மறுபடி முதலிலிருந்து கற்பதில்லை. ஆங்கில எழுத்துக்கூட்டின் முரண்டுகளை மட்டும் சமாளித்தால் போதும்.

இதெல்லாம் வகுப்பறையில் உண்மையாகப் பலிக்கிறதா? ஓரிகன் மாநிலம் போர்ட்லாந்தின் அரசுப் பள்ளிகளில் இருமொழி வகுப்புகளுக்கு இடம் கேட்டவர்கள் மிகுதியாக இருந்ததால் குலுக்கல் முறையில் இடம் கொடுத்தார்கள். ஆராய்ச்சியாளர்களுக்கு இது அரிய வாய்ப்பு. குலுக்கலில் இடம் கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும் குடும்பப் பின்னணியில் ஒரே மாதிரி இருப்பார்கள்; பணக்கார வீட்டுப் பிள்ளை என்பதால் நன்றாகப் படித்தது என்ற ஐயத்துக்கு இடமில்லை. ஸ்பானிஷ் முதலிய மொழிகளில் பாதிப் பாடம் அல்லது அதற்கு மேலும் படித்த பிள்ளைகள், ஆங்கில வாசிப்பில் ஐந்தாம் வகுப்பில் சுமார் 7 மாதமும், எட்டாம் வகுப்பில் சுமார் 9 மாதமும் முன்னே நின்றார்கள். கணிதத்திலும் அறிவியலிலும் பின்தங்கவும் இல்லை. ஆங்கிலத்தில் செலவிட்ட நேரம் குறைவு, ஆனால் ஆங்கில வாசிப்பில் முன்னேற்றம். ஆங்கிலம் வர வேண்டுமென்றால் ஆங்கிலம் மட்டுமே காதில் விழ வேண்டும் என்ற நம்பிக்கைக்கு இதைவிட நேரடியான மறுப்பு எனக்குத் தெரியாது.

மூளை கூர்மையாகுமா?

இருமொழிப் பலன் என்றதும் பலரும் முதலில் சொல்வது இதைத்தான். நான் பின்னால் வைத்ததற்குக் காரணம் உண்டு.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், இரண்டு மொழி பிள்ளையின் அறிவை மழுக்கும் என்று நிபுணர்கள் எழுதினார்கள். வசதியான ஒருமொழிப் பிள்ளைகளையும் வறிய குடியேறிகளின் பிள்ளைகளையும் ஒப்பிட்டு வந்த முடிவு அது. 1962இல் மான்ட்ரியாலில் எலிசபெத் பீல், வாலஸ் லாம்பெர்ட் இருவரும் பத்து வயதுப் பிள்ளைகளை வர்க்கமும் இன்ன பிறவும் ஒத்திருக்கும்படி தேர்ந்து சோதித்தார்கள். பிரெஞ்சும் ஆங்கிலமும் தெரிந்தவர்களே மேலாக வந்தார்கள். காற்று திசை மாறியது. பிறகு டொராண்டோவில் எலன் பியாலிஸ்டாக், கவனத்தைச் சிதறவிடாமல் வேண்டியதைத் தேர்ந்தெடுக்கும் திறன் இருமொழியருக்குக் கூடுதல் என்று காட்டினார். இரண்டு மொழியும் எப்போதும் விழித்திருப்பதால், ஒன்றை அடக்கி மற்றொன்றைப் பேசும் பயிற்சி மூளைக்கு நாள் முழுதும் கிடைக்கிறது என்பது அவர் விளக்கம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரிய அளவில் மறுபடி பார்த்தபோது அந்தப் பலன் கைநழுவியது. அமெரிக்காவில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் 4,524 பேரின் தரவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வில், இருமொழிப் பிள்ளைகளுக்கு அந்தத் திறனில் தனிப்பட்ட மேன்மை எதுவும் தென்படவில்லை. முதுமையில் மறதிநோய் தள்ளிப்போவது பற்றிய சான்று இன்னும் விவாதத்தில் இருக்கிறது. அதில் குறிப்பிடத்தக்கது நம் பக்கத்து ஆய்வு: ஹைதராபாத்தில் மருத்துவர் சுவர்ணா அல்லாடியின் குழு 648 நோயாளிகளைப் பார்த்து, ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு நோயின் அறிகுறி சுமார் நாலரை ஆண்டு தாமதமாகத் தெரிந்தது என்று 2013இல் எழுதியது. எழுத்தறிவில்லாதவர்களிடமும் அந்த வேறுபாடு இருந்தது.

என் கருத்து இது. பிள்ளைக்கு வீட்டு மொழியைக் கொடுக்க மூளைக்கு லாபம் என்ற காரணம் தேவையில்லை. அந்தக் காரணத்தை நம்பிக் கொடுத்தால், நாளை இன்னொரு ஆய்வு வந்து மறுத்ததும் கைவிட்டுவிடத் தோன்றும்.

யாரோடு பேச முடிகிறது

அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி சோனியா சோட்டோமேயர் 1954இல் நியூயார்க்கில் புவேர்ட்டோ ரீக்கோ பெற்றோருக்குப் பிறந்தவர். தந்தைக்கு ஆங்கிலம் தெரியாது, வீட்டில் ஸ்பானிஷ்தான். ஒன்பது வயதில் தந்தை இறந்த பிறகுதான் அவருக்கு ஆங்கிலம் சரளமானது. தந்தையோடு பேசிய அந்த ஒன்பது ஆண்டுகளுக்கும் ஸ்பானிஷ் ஒன்றே பாலம். அது இல்லாதிருந்தால் அப்பா என்பவர் ஒரே வீட்டில் இருந்த ஒரு மௌனமாகியிருப்பார்.

உறவு எப்படிப் பேசப்பட வேண்டும் என்பதும் மொழிக்குள் இருக்கிறது. ஆங்கிலத்தில் எல்லோரும் 'யூ'. ஸ்பானிஷில் 'தூ' என்றால் நீ, 'உஸ்தேத்' என்றால் நீங்கள். எந்தப் பெரியவரை எப்படி அழைப்பது என்பது நாட்டுக்கு நாடு, வீட்டுக்கு வீடு மாறும். தமிழருக்கு இதை விளக்கவே வேண்டாம். பாட்டியை 'உஸ்தேத்' என்று அழைத்து வளர்ந்த பிள்ளைக்கு மரியாதை என்பது தனிப்பாடமாக வருவதில்லை. வினைச்சொல்லின் முடிவிலேயே அது இருக்கிறது.

இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு ஒரு துயரக் கதை உண்டு. 1980இல் புளோரிடாவில் 18 வயது இளைஞர் ஒருவர் நினைவிழந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். கியூபக் குடும்பம். சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்ற பொருளில் 'இன்டாக்சிகாதோ' என்றார்கள். அது ஆங்கிலத்தில் போதை தலைக்கேறியவர் என்று பொருள்படும் சொல்லாகக் காதில் விழுந்தது. போதை மருந்து மிகையானதாக எண்ணி அதற்குச் சிகிச்சை கொடுத்தார்கள். உண்மையில் மூளைக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அது தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அவருடைய கை கால்கள் நான்கும் செயலிழந்தன. முன்பு சொன்ன உறவு வேடமிட்ட சொற்களில் ஒன்று ஒரு வாழ்க்கையையே புரட்டிப்போட்டது.

இதனால் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்கி மருத்துவர் முன் உட்கார வைக்கலாம் என்று பொருளில்லை. குடியேறிகளின் வீடுகளில் எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகள் வங்கிக் கடிதத்தையும் வாடகை ஒப்பந்தத்தையும் பெற்றோருக்கு மொழிபெயர்த்துச் சொல்கிறார்கள். அதில் ஒரு பொறுப்பும் பெருமிதமும் வளர்வது உண்மை. ஆனால் தாயின் புற்றுநோயைத் தாய்க்கே சொல்லும் சுமையைப் பிள்ளைமேல் ஏற்றக்கூடாது. அவசர நிலை தவிர, சிறுவர்களை மருத்துவமனைகள் இப்படிப் பயன்படுத்தக் கூடாதென 2016இல் அமெரிக்க அரசின் விதியே வந்தது.

ஏன் தொலைகிறது?

டெக்சாஸின் மேற்கே மார்ஃபா என்ற சிற்றூர். அங்கே மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகளுக்கென்று தனியே ஒதுக்கிய பிளாக்வெல் பள்ளி. 1954இல் ஒருநாள் பிள்ளைகளைத் துண்டுத் தாளில் ஸ்பானிஷ் சொற்களை எழுதச் சொன்னார்கள். அவற்றை ஒரு பெட்டியில் போட்டுக் கொடிக்கம்பத்தின் அருகே குழிதோண்டிப் புதைத்தார்கள். 'மிஸ்டர் ஸ்பானிஷ்' என்பவருக்கு இறுதிச் சடங்காம். அதன்பின் பள்ளியில் அந்த மொழி பேசினால் அடி. 2007இல் அந்தப் பழைய மாணவர்கள், தலை நரைத்த பிறகு, அதே இடத்தில் கூடி ஒரு ஸ்பானிஷ் அகராதியைக் குழியிலிருந்து வெளியே எடுத்தார்கள். 2022இல் அந்தப் பள்ளியைத் தேசிய வரலாற்றுத் தலமாக்க சட்டம் வந்தது.

அடிபட்டு வளர்ந்தவர்கள் தங்கள் பிள்ளைகளிடம் ஸ்பானிஷ் பேசாமல் விட்டதில் வியப்பில்லை. தான் பட்ட வலி பிள்ளைக்கு வேண்டாம் என்று எண்ணினார்கள். மறுபுறம், மயாமியின் கோரல் வே தொடக்கப் பள்ளி 1963இல் பாதி நாள் ஸ்பானிஷ், பாதி நாள் ஆங்கிலம் என்று தொடங்கி, இரு தரப்புப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைத்தது. கலிபோர்னியா 1998இல் வாக்கெடுப்பு நடத்தி இருமொழிக் கல்வியைப் பெருமளவு முடக்கியது. 2016இல் இன்னொரு வாக்கெடுப்பில் அந்தக் கட்டை அவிழ்த்தது.

அடி நின்ற பிறகும் மொழி தேய்கிறது. குடியேறி வந்தவர் ஸ்பானிஷில் வாழ்கிறார். அவர் பிள்ளை இரண்டிலும் பேசுகிறது. பேரப்பிள்ளைக்கு வரும்போது, சரளமாக உரையாட முடிந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குதான் தேறுகிறார்கள். ஆங்கிலம் தெருவிலும் திரையிலும் தானாக வந்துவிடும். அதற்காகக் கவலைப்பட வேண்டியதே இல்லை. வீட்டு மொழிக்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். தாய் ஒரு மொழி, தந்தை ஒரு மொழி என்று பிரித்துக்கொள்ளும் முறை 1913 முதலே நூல்களில் இருக்கிறது. வீட்டுக்குள் முழுக்க ஸ்பானிஷ், வாசலைத் தாண்டினால் ஆங்கிலம் என்பதும் நன்றாகவே நடக்கிறது. எந்த முறை என்பதைவிட, பிள்ளை அந்த மொழியை ஒரு நாளில் எவ்வளவு நேரம், எத்தனை பேர் வாயிலிருந்து கேட்கிறது என்பதே முக்கியம். தொலைக்காட்சி கணக்கில் அவ்வளவாகச் சேராது. பதில் பேசும் ஆள் வேண்டும். ஆங்கிலத்தில் பதில் சொன்னாலும் பெரியவர் ஸ்பானிஷிலேயே தொடர வேண்டும். ஐந்து வயதுக்குப் பிறகு கதைப்புத்தகம் அந்த மொழியில் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மொழி சமையலறைச் சொற்களோடு நின்றுவிடும்.

ஸ்பானிஷ் தெரியாமல் வளர்ந்த பேரப்பிள்ளைகளை அவர்கள் இனத்தாரே 'நோ சாபோ' பிள்ளைகள் என்று கேலி செய்வதுண்டு. 'எனக்குத் தெரியாது' என்பதற்குச் சரியான வடிவம் 'நோ சே'. தெரியாதவர்கள் 'நோ சாபோ' என்று சொல்லிவிடுவார்கள். இந்தக் கேலி எனக்கு வருத்தம் தருகிறது. காரணம், அந்தத் தவறில் எவ்வளவு அறிவு இருக்கிறது என்று பாருங்கள். 'கொமேர்' என்றால் உண்பது, நான் உண்கிறேன் 'கொமோ'. 'பெபேர்' குடிப்பது, நான் குடிக்கிறேன் 'பெபோ'. அப்படியானால் 'சாபேர்' என்ற வினைக்கு 'சாபோ'தானே வர வேண்டும்? விதியைச் சரியாகப் பிடித்த பிள்ளைதான் அப்படிச் சொல்லும். ஸ்பானிஷ் மட்டுமே பேசும் வீட்டுக் குழந்தையும் மூன்று வயதில் 'நோ சாபோ' என்றுதான் சொல்கிறது. ஒரே வேறுபாடு, அதன் பக்கத்தில் இருக்கும் பாட்டி திட்டாமல், சிரிக்காமல், "ஆ, நோ சே?" என்று திருப்பிச் சொல்கிறார். நாளைக்கும் சொல்வார். நாளை மறுநாளும் சொல்வார். சில மாதங்களில் குழந்தை 'நோ சே' என்று சொல்லத் தொடங்கிவிடும்.